சாதி கேட்காத கூட்டம் எங்கே நடக்கிறது?

பழனிக்கு மாலை போட்ட நாட்களில் நம் தெருக்களில் பலர் குடிப்பதில்லை. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகு, பழைய கதை மறுபடி தொடங்கிவிடுகிறது. "மாலை போட்டிருந்த மனுசனா இது?" என்று வீட்டுப் பெண்கள் அழுவதை ஒட்டன்சத்திரம் வட்டாரக் காலனிகளில் நாம் கேட்டிருக்கிறோம்.

அந்த நாட்களில் மட்டும் எப்படி முடிந்தது? பக்தி ஒரு காரணம், துணை இன்னொரு காரணம். மாலை போட்டவரை யாரும் கடைக்குக் கூப்பிடுவதில்லை. கூட நடப்பவர்களும் குடிப்பதில்லை. இந்தத் துணையை ஆண்டு முழுவதும் தருவதுதான், குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம்.

1935-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் குடியால் நொடிந்த இரண்டு பேர் இதைத் தொடங்கினார்கள். ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் அறுவை சிகிச்சை மருத்துவர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் இந்தக் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன.

இதற்குக் கட்டணமோ சந்தாவோ கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்று போதும். பெயரை மட்டும் சொன்னால் போதும்; எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பது அதன் வழக்கம் இல்லை. ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் தவறில்லை. குடும்பத்தினருக்கு 'அல்-அனான்' என்று தனிக் கூட்டம் உண்டு.

'குடிகாரன் என்றாலே காலனிக்காரன்' என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். குடிநோய்க்குச் சாதி இல்லை. சென்னையில் 1980-ல் குடிநோய்ச் சிகிச்சை மையத்தைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், பெரிய தொழிலதிபர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கணவர் டி.டி.ரங்கநாதன் குடிநோயால் இறந்தவர்.

நோய் எல்லோருக்கும் பொது. சிகிச்சைக்குப் போகும் வழி பொதுவாக இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவரை நினைத்துப் பாருங்கள். லாரி வரும் நேரம்தான் அவருக்கு வேலை நேரம். கூட்டம் திண்டுக்கல்லில் மாலையில் நடந்தால் கூலியும் போகும், கடைசி பஸ்ஸும் போகும். தேநீர்க் கடையில் தனிக் குவளையைப் பார்த்தவருக்கு, முன்பின் தெரியாத மண்டபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவும் தயக்கம் இருக்கும்.

ஆகவே கூட்டம் நம்மைத் தேடி வர வேண்டும். இதற்கு முன்மாதிரி உண்டு. அதே சென்னை மையம் 1989 முதல் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் 15 நாள் முகாம்கள் நடத்தியது. பட்டணம் போக முடியாதவர்களுக்குக் கிராமத்திலேயே சிகிச்சை கிடைத்தது, குடும்பத்தினரையும் அழைத்துப் பேசினார்கள். நம் காலனிகளில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களை வாரம் ஒரு மாலை இதற்குத் திறந்துவிட ஊராட்சிகள் முன்வரலாம்.

அதுவரை என்ன செய்யலாம்? 14446 என்ற கட்டணமில்லா எண், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண். அருகில் உள்ள மறுவாழ்வு மையம் எது, கூட்டம் எங்கே என்று அதில் கேட்கலாம். தமிழ்நாடு அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாளில் என்று விசாரியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக, கல்லூரி போகும் பிள்ளைகள் இந்த எண்களை அழைத்துப் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், கூட்டம் அதன் பிறகு. சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பதும் ஆபத்து. மருந்து உடம்பில் இருக்கும்போது அவர் குடித்தால் உயிர் போகலாம்.

குடியை மறுப்பது நமக்குப் புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் நம் மக்களுக்குச் சொன்ன பஞ்சசீலத்தில் மது அருந்தாமையும் ஒன்று. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளிலும் அது உண்டு. நீல வண்ணம் பூசிய நம் படிப்பகங்களில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அதே படிப்பகத்தில், குடியை விட்ட ஒருவரும் விட நினைக்கும் ஒருவரும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். அக்ரானிலும் இரண்டு பேர்தான் முதலில் உட்கார்ந்தார்கள்.