தாம்பரத்துக்குத் தெற்கே – 9: சரளைக் குழியில் கிடைத்த கோடரி

பொத்தேரியில் வீடு கட்டுகிறவர்கள் செங்கல்லுக்கு முன்பே கிராவல் வாங்கிவிடுகிறார்கள். ஏரியை ஒட்டிய தாழ்ந்த மனை என்றால் லாரி லாரியாக வந்து கொட்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் பல இடங்களில் கிடக்கும் இந்தச் சிவப்புச் சரளையின் அருமை தெரிய, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் மின்சார ரயில் ஏறினால் போதும்.

வழியில் வரும் வண்டலூருக்கும் அந்த அருங்காட்சியகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1851ல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், சில ஆண்டுகளிலேயே எழும்பூர் வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்து மக்களுக்குக் காட்டினார். பின்னர் அவை சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்குப் போயின. 1985ல் வண்டலூருக்கு வந்த உயிரியல் பூங்கா அதன் தொடர்ச்சிதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது பல்லாவரத்தைப் பற்றி. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் ராணுவக் குடியிருப்புப் பகுதியில் சரளைக்காகத் தோண்டியிருந்த குழி ஒன்றைப் பார்த்தார். அங்கே கிடந்த குவார்ட்சைட் கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. மனிதக் கை செதுக்கிய கோடரி என்று கண்டுகொண்டார். பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கற்கருவிகள் உண்மையில் மிகத் தொன்மையானவையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்று அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இந்தியாவில் பழைய கற்கால மனிதனைத் தேடும் ஆய்வு பல்லாவரத்துச் சரளையில்தான் பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியின் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே பின்னாளில் அகழாய்வு செய்த சாந்தி பப்புவின் குழு, சில கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011ல் வெளியிட்டது.

ஃபூட் வாழ்நாளெல்லாம் திரட்டிய கருவிகள் 1904ல் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் நேரே செப்புத் திருமேனிகளைத் தேடிப் போகிறார்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன் நின்றால் யாருக்கும் கால் நகராதுதான். இருந்தாலும் தெற்குப் புறநகர்க்காரர்கள் முதலில் கற்கருவிகளைப் பாருங்கள் என்பேன். அவசரமாகப் பார்த்தால் வெறும் கல். நின்று பார்த்தால், சில்லு பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் சிறு குழிவு தெரியும்; ஒரு பக்கம் ஒரு சில்லு, கல்லைத் திருப்பி மறுபக்கம் ஒரு சில்லு என்று தட்டித் தட்டி விளிம்பைக் கூராக்கியிருக்கிறார்கள். ஆற்றில் உருண்டு உடைந்த கல்லில் இந்த ஒழுங்கு வராது. அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்த மூளை அதற்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு அந்த அருங்காட்சியகத்தில் இதைவிடப் பெரிய அதிசயம் இல்லை.

மானிடவியல் பிரிவில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களும் நாட்டார் இசைக்கருவிகளும் உண்டு. அவற்றுக்குத் தனி வாரம் வேண்டும்.

கீழடியில் எடுத்த பொருட்களை அந்த ஊர்ப் பிள்ளைகள் அங்கேயே பார்க்கிறார்கள். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தாயிற்று. நம் பக்கத்துப் பிள்ளைகளோ, தாங்கள் வாழ்வது கல்லூரிகளாலும் அடுக்குமாடிகளாலும் நேற்று முளைத்த ஊர் என்றே நம்பி வளர்கிறார்கள். பல்லாவரம் ரயில் நிலைய நடைமேடையில் அந்தக் கோடரியின் படம் பெரிதாக இருக்க வேண்டும், கிடைத்த தேதியோடு. புறநகர்ப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பையாவது எழும்பூருக்கு அழைத்துப் போக வேண்டும். கிராவல் எடுக்க அனுமதி கொடுக்கும் முன் தொல்லியல் தெரிந்த ஒருவர் அந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். மனையில் கொட்டி ரோலர் ஓட்டிவிட்டால், எந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி போய்விடும். அது போனபின் கருவி கையில் கிடைத்தாலும் அதன் காலத்தைச் சொல்வது பெரும்பாடு.

அடுத்த வாரம் செங்கல்பட்டைத் தாண்டி, சாணூர்க் கல்வட்டங்களுக்கு.

(தொடரும்)