குலச் சின்னமும் வாசக உரிமையும்

மேனாட்டுப் பிரபு வம்சங்களின் கேடயச் சின்னங்களை நூல்களிலும் மாதா கோவில்களிலும் காண்போர், ஒரே குலத்தின் சின்னம் இடத்துக்கிடம் வேறாகத் தீட்டப்பட்டிருப்பது கண்டு மயங்குவதுண்டு. ஓரிடத்தில் நீலம் வெளிறியிருக்கும்; மற்றோரிடத்தில் இருண்டிருக்கும். ஒரு சிங்கம் மெலிந்திருக்கும்; மற்றொன்று பருத்திருக்கும். இவற்றுள் எது சரி எனின், எல்லாம் சரியே என்க. சின்னத்தை நிர்ணயிப்பது அதனை வர்ணிக்கும் வாசகமே. வாசகம் கூறிய நிறத்தையும் உருவையும் நிலையையும் மாற்றச் சித்திரக்காரனுக்கு அதிகாரமில்லை. அது கூறாதவற்றில் அவனுக்குப் பூரண சுதந்திரம் உண்டு.

இவ்விஷயத்தை விளக்கப் பழைய வழக்கொன்று போதும். 1385-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்தபோது, பாசறையிலே ரிச்சர்டு ஸ்குரோப், ராபர்ட் கிராஸ்வனர் என்னும் இருவர் ஒரே சின்னத்தைத் தாங்கி நின்றனர். நீலப் பரப்பில் பொன்னிறச் சாய்வுப் பட்டை என்பதே அதன் வாசகம். ஸ்குரோப் வழக்குத் தொடுத்தார். விசாரணை பல ஆண்டுகள் நீண்டது. சாக்ஷிகள் நூற்றுக்கணக்கில் வந்தனர். கவி சாஸர் 1386-இல் சாக்ஷி கூறினார். கோவிற் கண்ணாடிகளிலும் கல்லறைகளிலும் கொடிகளிலும் அச்சின்னம் இருந்ததைப் பலர் எடுத்துரைத்தனர். கண்ணாடியின் நீலமும் துணியின் நீலமும் ஒன்றாயிருந்திருக்க இயலாது. எனினும் வாசகம் ஒன்றாதலின், அவையனைத்தும் ஒரே சின்னத்துக்குச் சான்றாயின.

1389-இல் தீர்ப்பு ஸ்குரோப்புக்குச் சாதகமாயிற்று. வெள்ளிநிறக் கரையொன்று சேர்த்துக் கிராஸ்வனர் அதே சின்னத்தைத் தாங்கலாம் என்றும் சலுகை அளிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலே 1390-இல் மன்னர் அச்சலுகையையும் நீக்கினார். அத்தகைய கரை உறவினருக்கே உரியது, அன்னியருக்குத் தகாது என்பது அவர் கூறிய நியாயம். கிராஸ்வனர் வம்சத்தார் நீலப் பரப்பில் பொன்னிறக் கோதுமைக் கதிர்க்கட்டை ஏற்றனர். அவ்வழி வந்த வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குகளின் சின்னத்தில் அது இன்றும் விளங்குகிறது. நீலத்தின் சாயல் எவ்வளவு மாறினும் கேள்வியில்லை. வாசகத்தில் ஒரு மெல்லிய கரை கூடினால் உறவே மாறிவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி எனப் பிரகடனம் செய்யப்பட்ட டில்லி தர்பாரை ஒட்டி, லிட்டன் பிரபு நம் சுதேச மன்னர்களுக்குப் பட்டுக் கொடிகளை வழங்கினார். அவற்றில் ஐரோப்பிய முறைப்படி குலச் சின்னங்கள் தீட்டப்பட்டிருந்தன. அவற்றை அமைத்தவர் வங்காள சிவில் உத்தியோகஸ்தரான ராபர்ட் டெய்லர். மேவாருக்குச் சூரியனும், மைசூருக்குக் கண்டபேரண்டமும், திருவிதாங்கூருக்குச் சங்கும் மரபாய் இருந்த நாடு இது. இங்கே மன்னர்களுக்குச் சின்ன வாசகம் வகுக்க ஓர் அன்னிய உத்தியோகஸ்தர் துணிந்தார். நம் சூரியனும் நம் சங்கும் அவர் அனுமதித்த கட்டத்துக்குள் அமரவேண்டியிருந்தது!

அக்கொடிகளில் கைவேலை திருத்தமாயிருந்திருக்கலாம். அதைப் பற்றி நமக்கு வழக்கில்லை. எந்த வாசகத்தை ஒட்டிய திருத்தம், அவ்வாசகத்தை எழுதியவர் யார் என்பதே நமது கேள்வி. ஸ்குரோப் தம் சின்னத்துக்காக நியாயஸ்தலம் ஏறித் தம் முன்னோர் மரபைச் சாக்ஷியாக்கினார். நம் மன்னர்களோ, கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலைவணங்கினர்.

ஒரு குலத்துக்குப் பொருந்தும் இந்நியாயம் ஒரு ஜாதீயத்துக்கும் பொருந்தும். நம் அடையாளங்களைப் பலர் பலவாறு தீட்டட்டும். சாயல் வேறுபாட்டைக் கண்டு நாம் கலங்கவேண்டுவதில்லை. ஆனால் நாம் இன்னார் என்று கூறும் வாசகத்தை எழுதும் உரிமையை எவருக்கும் விட்டுக்கொடுத்தலாகாது என்பதே நமது துணிபு.