டிகிரி என்றால் எந்த டிகிரி?

கோடையில் ஐஸ்கிரீம், வெண்ணெய் வைத்து விற்கும் வணிக நண்பர்களுக்கு ப்ரீசர் மீதே கண் இருக்கும். எங்கள் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டுப் பழைய ப்ரீசர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டோம். ஐஸ்கிரீம் சப்ளை செய்தவர், "பதினெட்டில் வையுங்கள்" என்றார். முள்ளைப் பதினெட்டில் நிறுத்தினோம். இரண்டே நாளில் சரக்கு முழுவதும் இளகிவிட்டது. திருப்பவும் வழியில்லை, கொட்டினோம்.

அவர் சொன்னது செல்சியஸ் அளவில் மைனஸ் 18. எங்கள் ப்ரீசரில் இருந்ததோ பாரன்ஹீட் மீட்டர். பாரன்ஹீட் 18 என்பது செல்சியஸில் சுமார் மைனஸ் 8தான். ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்க அது போதாது.

பாரன்ஹீட் என்பவர் 1724இல் தம் அளவை வெளியிட்டபோது, பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் சேர்ந்த கலவையின் குளிர்ச்சியைப் பூஜ்யம் என்று வைத்தார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கிறோமே, அதே நவச்சாரம்! அந்தக் கணக்கில் தண்ணீர் உறைவது 32இல் வந்தது. கொதிப்பது 212 என்று பின்னர் நிலைபெற்றது. சுவீடன் நாட்டு செல்சியஸ் 1742இல் நூறு பாகமாகப் பிரித்தார். ஆனால் அவர் கொதிநிலையைப் பூஜ்யம் என்றும் உறைநிலையை 100 என்றும் தலைகீழாக வைத்திருந்தார். பிறகுதான் அது இப்போதுள்ளபடி திருப்பப்பட்டது. சென்டிகிரேடு என்று நாம் சொல்லிப் பழகியதும் இதுவே. 1948இல் செல்சியஸ் என்று பெயர் மாறியது.

வீசையைக் கிலோவாக்க நமக்குப் பெருக்கல் ஒன்றே போதும். காலித் தராசு வீசையிலும் பூஜ்யம், கிலோவிலும் பூஜ்யம் அல்லவா? வெப்பத்தில் அப்படியில்லை. இரு அளவுகளுக்கும் பூஜ்யம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. அதனால்தான் 32 குறுக்கே வருகிறது.

மனக்கணக்கு சுலபம். செல்சியஸை இரட்டியுங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 30 என்றால் 60, ஆறு போக 54, 32 கூட்ட 86. பாரன்ஹீட்டிலிருந்து வருவதானால் முதலில் 32ஐக் கழித்து, மீதியை 5ஆல் பெருக்கி 9ஆல் வகுக்க வேண்டும்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். "2 டிகிரி செல்சியஸ் ஏறலாம், இறங்கலாம்" என்று கம்பெனிக்காரர் சொன்னால், அது வித்தியாசம். வித்தியாசத்துக்கு 32 கூட்டக்கூடாது. 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் பாரன்ஹீட்டில் 3.6 மட்டுமே. கூட்டிப் பார்த்து 35 டிகிரி வரை விட்டுவைத்தால் சரக்கு போய்விடும்.

எல்.இ.டி. பல்பு அட்டையில் 6500 கெல்வின் என்றிருப்பதும் வெப்ப அளவுதான். ஆனால் பல்பு அவ்வளவு சுடும் என்று பொருளல்ல. வெளிச்சத்தின் நிறத்தைக் குறிப்பது. 2700 மஞ்சள், 6500 வெள்ளை. வாடிக்கையாளர் கேட்டால் இதைச் சொன்னால் போதும்.

இப்போது எங்கள் ப்ரீசர் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: மைனஸ் 18 செல்சியஸ் என்றால் பாரன்ஹீட் 0; 4 செல்சியஸ் என்றால் பாரன்ஹீட் 39. கடைப் பையனுக்கும் அது மனப்பாடம்.