மருந்து டின்னில் என்ன நிறம்?

ஹைதராபாத்தில் சனத்நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தொழிற்பேட்டை உண்டு. பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உண்டு. தொழிலாளி சம்பளத்தில் இதற்காக ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். முதலாளியும் பணம் கட்டுவார். வேலையில் அடிபட்டால் அங்கே சிகிச்சை கிடைக்கும்.

நகரைத் தாண்டினால் பருத்திக் காடு. அங்கே கூலிக்கு மருந்து அடிப்பவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. பிழைக்க வந்த வெளியூர்க்காரர் என்றால் ஆஸ்பத்திரிக்கு வழிகூடத் தெரியாது.

இது சின்ன விஷயம் அல்ல. 2017இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தார்கள். செடிகள் உயரமாக வளர்ந்திருந்தன. அடித்த மருந்து முகத்தில் விழுந்தது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அவர்கள் மருந்தைக் குடிக்கவில்லை. குடித்தால்தான் விஷம் என்று நினைக்கிறோம். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். மூச்சு வழியாகவும் போகும். நனைந்த சட்டையோடு மாலைவரை நின்றால் அவ்வளவு நேரமும் விஷம் ஏறும். வாயில் துண்டு கட்டுவது போதாது. நனைந்த துண்டு மருந்தை மூக்கருகே பிடித்துவைக்கும்.

டின்னில் இந்தி, ஆங்கிலம், அந்த வட்டார மொழி எழுத்துகள் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து தெலங்கானா போனவருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. ஒடிசாவிலிருந்து இங்கே வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நிறம் எல்லோருக்கும் தெரியும். டின்னில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மேலே மண்டை ஓடும் இருக்கும். மஞ்சள் அடுத்த நிலை. பிறகு நீலம். பச்சை குறைந்த விஷம். பச்சையும் விஷம்தான்.

மருந்தைக் கையாளுகிறவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள் கூறின. கையுறை கேட்பது தவறில்லை. ஆனால் தனியாகக் கேட்டால் நாளை வேலை போய்விடுமோ என்று பயம். கூட வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மேஸ்திரியிடம் கேட்கலாம்.

தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஒழுகுதல், பார்வை மங்கல் வந்தால் வெயில் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். வேலையை நிறுத்துங்கள். சட்டையைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். போகும்போது டின்னையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கு ஏற்ற சிகிச்சையை உடனே தொடங்க முடியும்.