டிபிஏ வேலை: அன்றும் இன்றும்

தொண்ணூறுகளில் ஆரக்கிள் தரவுத்தளம் ஓடிய அலுவலகங்களில் டிபிஏவுக்கு, அதாவது தரவுத்தள நிர்வாகிக்கு, தனி மரியாதை. சர்வர் அறைச் சாவி அவரிடம், புரொடக்‌ஷன் பாஸ்வேர்டும் அவரிடம். ஒரு டேபிளில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டுமென்றாலும் டெவலப்பர் எழுதிக் கொடுத்துவிட்டு, வாரக் கடைசி இரவு வரை காத்திருப்பார்.

அந்த மரியாதைக்குப் பின்னால் இருந்தது உடம்பு நோகும் வேலை. எந்த டேபிள்ஸ்பேஸில் எவ்வளவு இடம் மிச்சம், அடுத்த எக்ஸ்டென்ட் எத்தனை எம்.பி. என்று கையால் கணக்குப் போட வேண்டும். ரோல்பேக் செக்மென்ட்டைச் சிறிதாக வைத்துவிட்டால், மாதக் கடைசி ரிப்போர்ட் மணிக்கணக்கில் ஓடி, முடியும் தறுவாயில் ஓஆர்ஏ-01555 பிழையோடு நின்றுவிடும். குவரி எழுதுவதிலும் சூட்சுமம் இருந்தது. பழைய விதிவழி ஆப்டிமைசர், மற்றதெல்லாம் சமமாக இருந்தால், ஃப்ரம்முக்குப் பின்னால் கடைசியாக எழுதிய டேபிளிலிருந்துதான் தொடங்கும். டேபிள் பெயர்களை இடம் மாற்றி எழுதினாலே வேகம் மாறும்.

2001இல் வந்த ஆரக்கிள் 9ஐ, ரோல்பேக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டது. 2003இல் வந்த 10ஜி விதிவழி ஆப்டிமைசருக்கு ஆதரவை நிறுத்தியது. 2009இல் அமேசான் ஆர்டிஎஸ் வந்தபின், இன்ஸ்டால், பேட்ச், தினசரி பேக்கப் எல்லாம் ஒரு திரையில் சில கிளிக்குகளாகச் சுருங்கின. இன்று பல அணிகளில் டிபிஏ என்ற பதவியே கிடையாது. டேபிள் மாற்றங்கள் மைக்ரேஷன் கோப்புகளாக கிட்டில் ஏறுகின்றன; பட்டப்பகலில் டெவலப்பரே ஓட்டுகிறார்.

இது நல்ல மாற்றம்தான். ஆனால் டிபிஏவின் மனத்தில் இருந்த அறிவு அவரோடே போய்விடக் கூடாது.

ஓர் உதாரணம். போஸ்ட்கிரெஸ் 11 (2018) முதல், மாறாத இயல்பு மதிப்போடு ஒரு ஃபீல்டு சேர்த்தால் டேபிள் முழுவதையும் திருப்பி எழுதாது. கண் இமைக்கும் நேரத்தில் முடியும். அந்த நேரத்துக்கு மட்டும் டேபிளுக்கு முழுப் பூட்டு வேண்டும். அதே டேபிளில் யாரோ ஒருவரின் ரிப்போர்ட் குவரி பத்து நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தால், ஃபீல்டு சேர்க்கும் ஆல்டர் கட்டளை அதன் பின்னால் காத்து நிற்கும். அதற்குப் பின்னால் வருகிற சாதாரண செலக்ட்கூட வரிசையில் நின்றுவிடும். தளமே உறைந்துபோகும். ஆல்டருக்கு முன் லாக் டைம்அவுட்டைச் சில நொடிகளாக வைத்தால், பூட்டுக் கிடைக்காதபோது அது தானே விலகிவிடும். அன்றைய டிபிஏ இரவு வரை காக்க வைத்ததற்கு இப்படிப்பட்ட காரணங்கள் இருந்தன.

பேக்கப் கதை இன்னும் கடுமை. மின்சாரம் போய் சர்வர் விழுந்தால் இன்று யாரும் பதறுவதில்லை. சென்னை ஐஐடியில் படித்த சி. மோகனும் ஐபிஎம் சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஏரிஸ் போன்ற முறைகளால், பதிவேட்டைப் படித்துத் தரவுத்தளம் தானே எழுந்துகொள்ளும். மனிதர் தவறுதலாக அழித்ததை அது காப்பாற்றாது. ரெப்ளிகா சர்வர் தவறான டெலீட்டையும் விசுவாசமாக நகலெடுக்கும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடினார்கள், இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த பிஜி_டம்ப் கருவியோ 9.2. அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. நடந்ததை ஒளிக்காமல் உலகுக்குச் சொன்ன அந்த நிறுவனத்துக்குத் தரவுத்தளத் துறை முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

டேப்பிலிருந்து மீட்டு ஓட்டிப் பார்த்தபின்தான் அக்கறையுள்ள பழைய டிபிஏ பேக்கப்பை நம்புவார். உங்கள் அணியில் அந்தப் பதவியில் யாரும் இல்லையென்றால், இந்த மாதமே ஒரு நாள் ஒதுக்குங்கள். நேற்றைய பேக்கப்பை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, முக்கியமான டேபிள்களின் வரிகளை எண்ணிச் சரிபாருங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் எழுதி, அணியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.