காற்று கைவிடும் நொடி

2025 பிப்ரவரி 17 அன்று, கனடாவின் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 80 பேருடன் இறங்கிய சிஆர்ஜே-900 விமானம் ஓடுபாதையில் மோதியது. வலது இறக்கை பிய்ந்துபோக, விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அப்போது 28 நாட், அதாவது மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று, இடையிடையே 35 நாட் வரை எகிறியது. கடைசி நொடிகளை விபத்து விசாரணையின் முதற்கட்ட அறிக்கை வரிசையாகச் சொல்கிறது: சுமார் 175 அடி உயரத்தில் திடீர்க் காற்று வீச்சால் வேகம் கூடியது, எஞ்சின் விசை குறைக்கப்பட்டது, பிறகு வேகம் சரிந்தது, நிமிடத்துக்குச் சுமார் 1,100 அடி என்ற கதியில் விமானம் தரையில் இடித்தது. காரணம் இன்னதென்று அந்த அறிக்கை முடிவு கட்டவில்லை. ஆனாலும் சிறிய விமானம் ஓட்டுபவர்கள் இந்த வரிசையை மறக்கக் கூடாது.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக ஓடும் செஸ்னா 172-ஐப் பாருங்கள். முழுச் சுமையோடு அதன் எடை ஏறக்குறைய 1,160 கிலோ; இறங்க வரும் வேகம் சுமார் 65 நாட். 25 நாட் எதிர்க்காற்று சட்டென்று 15-க்கு விழுந்தால், இறக்கைமேல் பாயும் காற்றின் வேகம் 55 நாட் ஆகிவிடும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதில் கால்பங்குக்கு மேல் அந்தக் கணமே போய்விடும். ஆயிரம் அடியில் இது வெறும் குலுக்கல். இருபது அடியில் சுதாரிக்க அவகாசம் இல்லை.

பக்கக்காற்றையும் கணக்கிட வேண்டும். இந்த விமானத்தின் கையேடு தரும் 15 நாட் என்பது சோதனையில் செய்துகாட்டிய அளவு. 25 நாட் வீச்சு ஓடுபாதைக்கு 30 பாகைச் சாய்வில் வந்தால் பக்கவாட்டுப் பங்கு 12.5 நாட், 60 பாகை என்றால் 21-ஐத் தாண்டும். சராசரிக் காற்றை விட்டுவிட்டு, உச்ச வீச்சை வைத்தே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டுவது வழக்கமான விதி. 15 நாட் காற்று 25 வரை எகிறினால், 5 நாட் கூட்டினால் போதும். பயத்தில் அள்ளிக் கூட்டுவதும் ஆபத்துதான்: வேகம் 10 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். விமானம் தரை தொடாமல் மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதும். விமானம் துள்ளும்; அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும்; முன்கால் முறியும், புரொப்பல்லர் தரையில் அடிக்கும்.

முதல் பலத்த துள்ளலிலேயே முழு விசை கொடுத்து மேலேறிவிடுங்கள். இப்படி மேலேறும் 'கோ-அரவுண்ட்' தோல்வி அல்ல. எந்த அளவு காற்றுக்கு மேல் இறங்குவதில்லை, எந்த விமான நிலையத்துக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து, அதற்கான எரிபொருளோடு புறப்படுங்கள். சக்கரம் தொட்ட பின்னும் விமானம் நிற்கும்வரை கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள். உடன் பயணிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நேரமாகிறது என்று விமானியை அவசரப்படுத்தாதீர்கள்.