உங்களுக்குத் தெரியுமா? வங்கி சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

★ 1906 அக்டோபர் 22. சென்னையில் பெரும் பேரோடு இருந்த அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதில் இருந்தது. சில பங்காளிகள் சேர்ந்து நடத்திய வியாபாரம் அது. உள்ளே என்ன நடக்கிறது என்று பணம் போட்டவர்கள் அறிய வழியில்லை. பேரை நம்பித்தான் போட்டார்கள். வழக்கு நடந்து, பங்காளிகளில் ஒருவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடி ஆறுவதற்குள், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்னின்று தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15 அன்று வேலையைத் தொடங்கியது.

★ வங்கி தன் இயக்குநருக்கே கடன் கொடுக்கலாமா? பொதுவாகக் கூடாது. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 20ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. அதே சட்டம், இயக்குநர் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் கணக்கியல், சட்டம், பொருளாதாரம், வேளாண்மை போன்ற துறைகளில் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. அவர்களிலும் இரண்டு பேராவது வேளாண்மையோ, கூட்டுறவோ, சிறுதொழிலோ அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஊர்ப் பணத்தை ஆள்பவர்களுக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணி எழுதிய இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது.

★ பிரிட்டனின் பெரிய வங்கிகள் 1970ஐ ஒட்டிய காலம் வரை தங்கள் உண்மையான லாபத்தை வெளியே சொன்னதில்லை. நல்ல ஆண்டில் கொஞ்சம் ஒளித்து வைப்பார்கள், கெட்ட ஆண்டில் அதை எடுத்துச் சரிக்கட்டுவார்கள். மக்கள் பதறிவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். சட்டமும் அதற்கு இடம் கொடுத்திருந்தது.

★ ஒரு வங்கி தன் வாராக்கடன் இவ்வளவு என்று கணக்குக் காட்டுகிறது. ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் வந்து அதே கடன்களை மறுபடி எண்ணுகிறார்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால்? 2017 வரை அந்த வித்தியாசம் இரு தரப்புக்கும் இடையிலேயே தங்கிவிடும். அந்த ஆண்டு ஏப்ரலில்தான், வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆண்டுக் கணக்கின் குறிப்புகளில் அச்சிட்டே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

அப்போது வெளியே வந்ததைப் பாருங்கள். 2015-16ஆம் ஆண்டுக்கு யெஸ் வங்கி காட்டியிருந்த மொத்த வாராக்கடன் ஏறக்குறைய 749 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி எண்ணியதோ சுமார் 4,926 கோடி. ஆறு மடங்குக்கும் மேல்! மறு ஆண்டும் அதே கதை: வங்கி சொன்னது 2,018 கோடி, ஆய்வில் கண்டது 8,374 கோடி அளவில்.

இதைவிட என்னை உறுத்துவது 2019 பிப்ரவரியில் நடந்தது. 2017-18ஆம் ஆண்டுக்கு வித்தியாசம் எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கை சொல்வதாக யெஸ் வங்கி தானே முன்வந்து அறிவித்தது. பங்கு விலை துள்ளியது. சில நாட்களில் ரிசர்வ் வங்கியிடமிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அந்த அறிக்கை ரகசியமானது, அதில் வேறு பல குறைகளும் விதிமீறல்களும் சொல்லப்பட்டிருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்வது மக்களைத் தவறாக நம்ப வைப்பது என்றது கடிதம். கேட்காமலே ஒரு வங்கி நல்ல செய்தி சொன்னால், கூடவே எதைச் சொல்லவில்லை என்று நாம் தேட வேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 5 அன்று அந்த வங்கியின் வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் நின்றார்கள். ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகள் கைகொடுத்துத்தான் அது மீண்டது.

★ கரூரில் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் பங்குதாரர்கள் 2020 செப்டம்பர் 25 அன்று ஓர் அரிய காரியம் செய்தார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களித்து, தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை நிராகரித்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. நவம்பர் 17 அன்று பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் வரம்பு வந்தது. 27ஆம் தேதி டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைந்தது. டெபாசிட் போட்டவர்கள் தப்பினார்கள். தலைமுறையாகப் பங்குகளைப் பத்திரமாக வைத்திருந்த கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சவில்லை.

★ வங்கிகளைப் பற்றிய ஆய்வறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? வங்கிகள் நம்பித் தந்த விவரம், தர முடியாது என்றது ரிசர்வ் வங்கி. 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கியின் கடமை வங்கிகளின் நலனைக் காப்பதல்ல, பொதுமக்களின் நலனைக் காப்பது என்றது. அதன் பிறகும் வங்கிகள் இதை எதிர்த்து நீதிமன்றம் ஏறியிருக்கின்றன.

★ தனியார் வங்கியின் நிர்வாக இயக்குநர் நாற்காலியில் ஒருவர் தொடர்ந்து 15 ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. அவரே வங்கியைத் தொடங்கியவர் என்றால் பொதுவாக 12 ஆண்டுதான். 2021இல் வந்த விதி இது.

★ ஆண்டறிக்கையில் முதல் பக்கங்களின் வண்ணப் படங்களைத் தாண்டிப் பின்னால் போங்கள். 18ஆவது அட்டவணை, ‘கணக்குகளுக்கான குறிப்புகள்’ என்ற பகுதி. நான் முதலில் படிப்பது அதைத்தான். மொத்த டெபாசிட்டில் முதல் 20 பேரின் பங்கு எத்தனை சதவீதம், கடனில் முதல் 20 பேரின் பங்கு எவ்வளவு, ஆண்டில் வந்த புகார்கள் எத்தனை, தீராமல் நிற்பவை எத்தனை, ரிசர்வ் வங்கி போட்ட அபராதம் எவ்வளவு என்று எல்லாம் அங்கே இருக்கும். ஐந்தாறு பேரின் பணத்தில் ஒரு வங்கி நின்றால், ஒருவர் எடுத்துக்கொண்டு போனாலும் ஆட்டம் காணும். எல்லா வங்கியின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பக்கத்தை, டெபாசிட் போடப்போகும் நம்மில் எத்தனை பேர் திறந்திருக்கிறோம்?

★ 2025 மார்ச் 10 அன்று இண்டஸ்இண்ட் வங்கி, தன் உள் ஆய்வில் கண்ட ஒரு கணக்குப் பிழையைப் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. நிகர மதிப்பில் சுமார் 2.35 சதவீத இழப்பு என்று மதிப்பிட்டது. மறுநாள் அதன் பங்கு ஏறக்குறைய 27 சதவீதம் சரிந்தது. பல ஆண்டு நடந்த பிழை தாமதமாக வெளியே வந்ததற்கான தண்டனை அது என்று நான் நினைக்கிறேன். சொன்னதற்கான தண்டனையாக அதைப் பார்க்கும் வங்கி, அடுத்த முறை இன்னும் தாமதிக்கும்.

★ கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960 ஆகஸ்டில் விழுந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்த டெபாசிட் காப்பீடு 1962 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று காப்பு 1,500 ரூபாய். 1993இல் 1 லட்சம், 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் இந்த 5 லட்சம். ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் உங்கள் பேரில் பிரித்துப் போட்டிருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டி ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்.